மந்தை திரும்பிய திசை

“செந்தட்டி செத்தது மாட்டுக்குத் தெரியுமா தாயி?”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் புஞ்சைக்காரர் சோலைமலை அழகுமீனாவிடம் இப்படிக் கேட்டார். கணவன் செந்தட்டிக்குப் பால் தெளித்த மறுநாள் அது. அவருடைய வயலில்தான் மந்தை கிடந்தது. அழகுமீனா சேலைக்கு மேல் கணவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டு, அவனுடைய துண்டைத் தலையில் கட்டி, அவனுடைய கம்பை ஊன்றி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள்.  இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். சோலைமலை மாடுகளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “அப்பச் சரி. தெரியாமலே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கிடைமாடு வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அறுவடை முடிந்த வயல்களில் மந்தையைத் தங்க வைப்பார்கள்; சாணமும் கோமியமும் அந்த மண்ணுக்கு உரம். நாலைந்து நாளில் அடுத்த வயல், அடுத்த ஊர். வேலி கிடையாது. மூக்கணாங்கயிறு கிடையாது. புலிக்குளம் இனத்து மாடு நூற்று நாற்பதும் ஒரே ஒரு ஆளின் சத்தத்தை நம்பி வெட்டவெளியில் படுத்திருக்கும். அந்தச் சத்தம் நின்றுபோனால் மந்தை கலைந்து திசைக்கொன்றாகப் போய்விடும், பிறகு யார் கூப்பிட்டாலும் ஒன்றுசேராது என்று ஒரு பயம். அதனால் மந்தைக்காரன் இறந்தால் அந்தச் சாவை மாடுகளிடம் மறைத்துவிடுவார்கள். வேர்வை ஊறிய அவன் சட்டையை மகனோ தம்பியோ துவைக்காமல் போட்டுக்கொண்டு, அவனைப் போலவே நடந்து, அவனைப் போலவே சத்தம் கொடுக்க வேண்டும். நாற்பது நாள். நாற்பத்தோராம் நாள் சட்டையைக் கழற்றலாம்.

செந்தட்டிக்குப் பிள்ளை இல்லை. தம்பி மாயழகுதான் முதலில் சட்டையைப் போட்டான். செந்தட்டியின் சத்தம் ஒரு தினுசு. தொண்டைக்குள் இரண்டு தட்டு தட்டி, மூன்றாவதை நீளமாக இழுத்து விடுவான். மாயழகும் தட்டினான், இழுத்தான். மந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடுகொம்புப் பசு மட்டும் ஒரு தும்மல் போட்டது.

“என்னைய மனுசனாவே மதிக்கல மதினி” என்று சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி அவள் பேசியதில்லை. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற சுபாவம். அவள் அந்தச் சட்டைக்குள் நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தட்டு தட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது நூற்று நாற்பது மாடும் எழுந்து நின்றன.

நாற்பத்தோராம் நாள் காலையில் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மந்தை முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தன் சொந்தச் சத்தம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. ஒரு கிடேரி தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. கண்டுபிடித்துவிட்டது என்று பயந்துபோய் ஓடிவந்து சட்டையை மாட்டிக்கொண்டாள். இன்னும் நாற்பது நாள் பார்ப்போம் என்று மாயழகு சொன்னான். அப்புறம் இன்னும் ஒரு நாற்பது. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மனிதர்களிடம் அவள் பேசுவது இன்னும் குறைந்துபோனது. மாடுகளிடம் ஆணாகப் பேசினாள்.

இந்த மாசியில் டாக்டர் நவமணி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். நாட்டுமாட்டு இனங்களைக் கொம்பு முதல் குளம்பு வரை அளந்து எழுதி, அவை அற்றுப்போகாமல் காப்பது அவர் வேலை. அவருடைய ஜீப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட லாரி வந்து நின்றது. மேலே நிழல்கூரை, உள்ளே வைக்கோல் மெத்தை, பின்பக்கம் மாடு ஏறுகிற சரிவுப் பலகை. எல்லாம் புத்தம் புதுசு.

“லாரி எதுக்கு டாக்டரம்மா? அளந்ததை ஏத்திக்கிட்டுப் போகவா?” என்றான் மாயழகு.

“தேவைப்பட்டா மாட்டை ஏத்திட்டுப் போக” என்றார் நவமணி. அவர் சிரிக்கவில்லை.

அன்று முழுவதும் அளவெடுப்பு. மாடுகளுக்குப் புதுக் கழுத்துப்பட்டைகளை மாயழகு மாட்டிவிட்டான். கையில் வைத்திருந்த பலகைத் திரை கேள்விகளை வரிசையாகக் காட்டியது. நவமணி கேட்க, மாயழகு பதில் சொன்னான்.

“நிறம்?”

“பொறக்கையில செவலை. வளர வளர மயிலை.”

“குணம்?”

“எங்களுக்குப் பசு. வெளியாளுக்குப் புலி. அதான் டாக்டரம்மா, அந்த வரப்புக்கு அங்கிட்டே நில்லுங்க.”

“பால் எவ்வளவு?”

“கன்னு குடிச்சது போக மிச்சம் இருந்தா, அதையும் கன்னே குடிச்சுரும்.”

நவமணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு திரையைத் தள்ளி, “மந்தைக்காரர் பேர் செந்தட்டின்னு இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்தப்போ எழுதினது. அவர் இறந்துட்டதா…” என்று தொடங்கினார்.

மாயழகு பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தாத குறை. “மெல்ல! மெல்ல! மந்தை முன்னால அந்தப் பேச்சு ஆகாது டாக்டரம்மா. இங்கிட்டு வாங்க.”

லாரிக்குப் பின்னால் கருவேல நிழலில் போய் நின்றார்கள். அழகுமீனா பத்தடி தள்ளி நின்றாள். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

“புது விதி ஒண்ணு வந்திருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றார் நவமணி. “முன்னெல்லாம் கொம்பையும் திமிலையும் அளந்துட்டா இனம் தெரிஞ்சிடும்னு நினைச்சோம். விந்தை உறைய வெச்சோம், கருவை உறைய வெச்சோம். பத்து வருஷம் கழிச்சு அதுல கன்னு எடுத்தோம். அச்சு அசலா இதே கொம்பு, இதே திமில். ஆனா பத்துக் கன்னை அவிழ்த்துவிட்டா பத்தும் பத்துப் பக்கம் போச்சு. மந்தையா நிக்கத் தெரியல. அப்பதான் புரிஞ்சுது. மந்தையா இருக்கிறதும் இந்த இனத்தோட ஒரு குணம். அதையும் அளக்கணும்.”

“அதை எந்தக் கோலை வெச்சு அளப்பீக?”

“குரலை வெச்சு. மாடுங்க அடித்தொண்டையில ஒரு குரல் பேசும். நம்ம காதுக்கு எட்டாது. போன தடவை நான் வந்து எல்லாத்துக்கும் கழுத்துப்பட்டை மாட்டினேன்ல, அது அந்தக் குரலைப் பதிஞ்சிட்டே இருந்துச்சு. அப்போ அதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. இப்போ தெரியும். இது கன்னைக் கூப்பிடுற குரல், இது தண்ணிக்கு, இது நாய் வருதுன்னு சொல்ற குரல்… இப்படி. அதுல ஒரு குரல் எல்லா மந்தையிலயும் இருக்கு. மந்தைக்கு மந்தை வேற மாதிரி இருக்கும். அது அந்த மந்தைக்காரரோட பேர்.”

மாயழகு சிரித்தான். பிறகு அவர் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். “பேருன்னா… நாம மாட்டுக்கு வெக்கிற மாதிரி, மாடு நமக்கு வெச்ச பேரா?”

“ஆமா.”

நவமணி திரையைத் தொட்டார். “இது ஆறு வருஷத்துக்கு முந்தின பதிவு. உங்க காதுக்கு எட்டுற மாதிரி உயர்த்திப் போடுறேன்.”

இரண்டு தட்டு. ஒரு நீண்ட இழுப்பு.

அழகுமீனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அது செந்தட்டியின் சத்தம். ஆனால் வந்தது ஒரு பசுவின் தொண்டையிலிருந்து. அடுத்து இன்னொரு பசு. அடுத்து ஒரு காளை. அவன் கூப்பிட்ட சத்தத்தையே எடுத்து அவனுக்குப் பேராக வைத்திருந்தன. அவற்றின் பக்கத்தில் அவன் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவன் காதுக்குக் கேட்காமல் சுற்றிலும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. பதினோரு வருஷம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடாத பெண்டாட்டி அவள். மாடுகள் சொல்லியிருக்கின்றன.

“விதி இதுதான்” என்றார் நவமணி. “மந்தை கூப்பிடுற ஆள் உயிரோட மந்தைகூட இருந்தா, ஒரு மாட்டையும் தொட மாட்டோம். மேய்ச்சல் வழியும் உங்களுக்கே. ஆள் இல்லாத மந்தை இன்னைக்கு இல்லன்னா நாளைக்குக் கலைஞ்சிடும். கலையுறதுக்கு முன்னாடி பன்னெண்டு பசுவையும் ஒரு காளையையும் நாங்க எங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துடணும். மிச்சத்துக்கு மேய்ச்சல் வழி கிடையாது. ஏற்கனவே பாதி நிலம் கரண்டு எடுக்கிற சூரியத் தகடு ஆயிடுச்சு. மூணு இடத்துல, மூணு நாள் சோதிக்கணும். இந்தக் குரலை மந்தைக்கு நடுவுல போடுவேன். எல்லாம் யாரைத் திரும்பிப் பாக்குதுன்னு பாக்கணும். அவ்வளவுதான்.”

அழகுமீனா சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தால் பிழைத்தேன், என்று நினைத்தாள். ஐந்து வருஷம் ஏமாந்ததுகள், இன்னும் மூன்று நாள் ஏமாறாதா?

முதல் நாள் சோதனை மறுநாள் காலையில் நடந்தது. தேங்காய் மூடி அளவுக்கு ஒரு ஒலிப்பெட்டியை மாயழகை விட்டு மந்தைக்கு நடுவில் மண்ணில் புதைக்கச் செய்தார் நவமணி. அழகுமீனா வழக்கம்போல வடக்கு வரப்பில் நின்றாள். நவமணி விரலைத் திரையில் வைத்தார். மனிதர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலில் மட்டும் லேசாக ஒரு அதிர்வு வந்துபோனது, தூரத்தில் ரயில் போவதுபோல.

மந்தை நின்றது. அசைபோட்ட வாய்கள் நின்றன. வால்கள் நின்றன. கழுத்துமணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. நூற்று நாற்பது மாடு உள்ள இடத்தில் அப்படியொரு அமைதி இருக்க முடியும் என்று அழகுமீனா நினைத்ததில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த கன்று மடியை விட்டுவிட்டுத் தலையை எடுத்தது. பிறகு எல்லாத் தலைகளும் மெதுவாக, யாரோ ஒரே கயிற்றில் கட்டி இழுத்ததுபோலத் திரும்பின.

அவளைப் பார்த்து அல்ல. தென்மேற்கே.

அங்கே ஒன்றும் இல்லை. அறுத்த நெல்தாள், தூரத்தில் சூரியத் தகடுகளின் பளபளப்பு, அதற்கும் அப்பால் வானம். மாடுகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றன. அவளுடைய சட்டையை ஒன்றுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“அந்தப் பக்கம் டீக்கடைதான் இருக்கு” என்றான் மாயழகு. யாரும் சிரிக்கவில்லை.  நவமணி திசையைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மந்தை தெற்கே, சற்று மேற்காகச் சாய்ந்து, எட்டு மைல் நடந்து வேறு வயலில் இறங்கியிருந்தது. அழகுமீனா இந்த முறை தென்மேற்கில் போய் நின்றுகொண்டாள். பார்க்கிற பக்கம் நாம் நின்றுவிட்டால் நம்மைப் பார்த்ததாக ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள். பெட்டி அதிர்ந்தது. மணிகள் ஓய்ந்தன. மந்தை மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டி வடக்கே திரும்பியது.

“நேத்து தென்மேற்கு. இன்னைக்கு வடக்கு” என்று நவமணி தனக்குள் சொல்லிக்கொண்டார். “அப்போ ஆளைப் பாக்கல. தேடுது. இருந்த ஆளைக் காணோம்னு தேடுது.” லாரி ஓட்டுநரிடம் சரிவுப் பலகையைத் துடைத்து வைக்கச் சொன்னார். சொல்லும்போது அழகுமீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மந்தை மேற்கே சுற்றிப் போய் ஒரு கடலைக் கொல்லையில் இறங்கியது. மத்தியானம் தண்ணீர் காட்டி முடிந்து மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தபோது அழகுமீனா நவமணியிடம் வந்தாள். வந்து, துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள். மூன்று நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“சோதனை வேணாம் டாக்டரம்மா. லாரியில ஏத்திக்கங்க.”

“மதினி!” என்றான் மாயழகு.

“நீ சும்மா இரு தம்பி.” அவள் சட்டையை இழுத்துக் காட்டினாள். “இது அவுக சட்டை. அவுக செத்தது தெரியக் கூடாதுன்னு போட்டேன். அவுக மாதிரியே நடக்கேன். அவுக மாதிரியே கத்துறேன். அஞ்சு வருசமா வாயில்லாச் சீவனை ஏமாத்திக்கிட்டுத் திரியிறேன். நம்பிருச்சுகன்னுதான் நெனச்சேன். அதுக நம்பல. ரெண்டு நாளா அதுக நிக்கிற நிப்பைப் பாத்தேன். இன்னமும் அவுக வருவாகன்னு பாத்துக்கிட்டு நிக்குதுக. அந்த எடத்துல நான் என்னத்தைச் சொல்ல? நான் யாரு அதுகளுக்கு? மத்தியானம் சோத்துப் போசியைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறவ. அவ்வளவுதான். எங்கிட்ட இருந்து கலைஞ்சு சீரழியுறதுக்கு உங்ககிட்டயாவது இருக்கட்டும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

நவமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சொன்னீங்க?”

“கூட்டிட்டுப் போயிருங்கன்னேன்.”

“அது இல்ல. மத்தியானம்?”

“சோறு கொண்டாருவேன். அவுக இருக்கையில. எங்க கெடை போட்டாலும் பஸ் புடிச்சு, எறங்கி நடந்து வருவேன்.”

நவமணி திரையை எடுத்தார்.  “மூணாவது சோதனையை முடிச்சுடுறேன்” என்றார். “அப்புறம் ஒண்ணு சொல்லணும்.”

பெட்டி அதிர்ந்தது. இந்தத் தடவை மந்தை கிழக்கே திரும்பியது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மயிலை முதுகுகளும் செவலைக் கன்றுகளும் விரிகொம்புகளும் ஒரே பக்கமாக, ஒரு பெரிய வயல் காற்றில் சாய்ந்ததுபோல நின்றன.

நவமணி திரையில் வரைபடத்தை விரித்தார். முதல் நாள் இடத்திலிருந்து தென்மேற்கே ஒரு கோடு. இரண்டாம் நாள் இடத்திலிருந்து வடக்கே ஒரு கோடு. இப்போது நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே ஒரு கோடு. மூன்றும் ஓடிப்போய் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். ஒரு கண்மாய். அதன் மேலக்கரை. கரையில் மடை.

“இது என்ன இடம்?”

மாயழகு எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணன் விழுந்த எடம்” என்றான்.

செந்தட்டி அந்த மடையருகில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். போசியோடு வந்த அழகுமீனா, மடையைச் சுற்றி மந்தை வட்டமாக நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். தண்ணீர் குடிக்க நிற்கின்றன என்று நினைத்தாள். கிட்டே போனதும் மாடுகள் விலகி வழிவிட்டன. உடலை வண்டியில் ஏற்றிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஊர் அங்கிருந்து நாற்பது மைல். அன்றிலிருந்து அந்தக் கண்மாய்ப் பக்கமே அவள் மந்தையை ஓட்டவில்லை. சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றார் நவமணி, மெதுவாக. “முதல் நாள்லேர்ந்தே இதுகளுக்குத் தெரியும்மா. இதுக தேடல. அவர் பேரைச் சொன்னா, அவரு எங்க இருக்காருன்னு காட்டுது.”

மாயழகு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் வயிற்றோரம் நின்ற ஒரு செவலைக் கன்றுக்குட்டி. தையில் பிறந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் கிழக்கே முகத்தை வைத்துக்கொண்டு, காதை விடைத்துக்கொண்டு நின்றது.

“டாக்டரம்மா. இது அண்ணனைப் பாத்ததில்ல. இதோட ஆத்தாளே பாத்ததில்ல. அந்தக் கம்மாயிலயும் காலு வெச்சதில்ல.” கன்றைக் கை நீட்டிக் காட்டினான். “இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

 முப்பது வருஷம் மாடுகளை அளந்த நவமணியின் கை திரையின் மேல் சும்மா கிடந்தது. மூன்று பேரும் மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகுமீனாவுக்கு அழுகை வரவில்லை. கோயிலுக்குள் முதல் முறை போன சிறுபிள்ளைபோல, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நவமணி திரையில் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. இன்னொரு குரல் இருக்கு. ஆறு வருஷத்துக்கு முந்தின பதிவுலயே இருக்கு. தினமும் ஒரு தடவைதான் வரும், மத்தியானம். அதனால தண்ணிக்குக் கூப்பிடுதுன்னு நினைச்சு, தண்ணின்னு எழுதி வெச்சுட்டேன். இப்போ மாட்டின பட்டையில அது ஒரு நாளைக்கு நானூறு தடவை வருது. இவ்வளவு தாகமான்னு எனக்குக் குழப்பமா இருந்துச்சு.”

திரையைத் தொட்டார். முதலில் மனிதக் காதுக்காக உயர்த்திப் போட்டார். அதில் சத்தமே இல்லை என்று சொல்லலாம். சின்னச் சின்ன மூச்சுகள், ஐந்தாறு, ஒன்றன்பின் ஒன்றாக. அறுத்த தாளின் மேல் செருப்புக்கால் பதிய நடந்து வருவதுபோல.

சோறு கொண்டுவந்த நாட்களில் அவள் அங்கே வாய் திறந்து பேசியதே இல்லை. ஆகவே மாடுகள் அவளுடைய நடையை எடுத்துப் பேராக வைத்திருந்தன.

“இப்போ பெட்டியில போடுறேன்” என்றார் நவமணி.

உள்ளங்காலில் அதிர்வு வந்துபோனது. கிழக்கே நின்ற தலைகள் திரும்பின. நூற்று நாற்பது தலை, இருநூற்று எண்பது கண். எல்லாம் அவளைப் பார்த்தன. முகத்தை மட்டுமே பார்த்தன. வெளியாளைக் கண்டால் குத்த வரும் பெருங்காளை நாலு எட்டு நடந்து வந்து, அவள் கையிலிருந்த துண்டை முகர்ந்து, வேண்டாம் என்பதுபோல மூக்கால் தள்ளிவிட்டு, அவள் புறங்கையில் மூச்சை விட்டது. சூடான மூச்சு. அதன் தொண்டை அசைவது தெரிந்தது. அவள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அது என்ன சொல்கிறது என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்தது.

“அஞ்சு வருசம்” என்றாள் அழகுமீனா. “அஞ்சு வருசமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எங்கூட நடந்துச்சுகளா?”

 மாயழகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான்.

“அப்ப மதினி, அந்தச் சட்டையை இனிமே துவைக்கலாம்ல? கிட்ட நிக்க முடியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், என்றாலும் சத்தம் வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்குக் கன்றுகள் காதை ஆட்டின.

நவமணி திரையில் எழுதினார். மந்தைக்காரர்: அழகுமீனா. மந்தையுடன் இருக்கிறார். எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வழி அவளுக்கே. ஒரு மாடும் லாரி ஏறவேண்டியதில்லை.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நவமணி கிளம்பவில்லை. கொல்லை மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் பழையபடி மேயத் தொடங்கியிருந்தன. சும்மா எதையோ ஞாபகப்படுத்திக்கொள்பவர்போல அவர் பேசினார்.

“எங்க நிலையத்துல நானூத்தி மூணு மாடு இருக்கு. இந்த விதி வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. முப்பத்தோரு மந்தையிலிருந்து, பதிமூணு பதிமூணா. நல்லாத்தான் வெச்சிருக்கோம். விசிறி இருக்கு, மருந்து இருக்கு, தீனிக்குக் குறைவில்ல. சாயங்காலம் தண்ணி காட்டினதும் எல்லாம் சாப்பாட்டை விட்டுட்டுத் திரும்பி நிக்கும். ஒரே பக்கம் இல்ல. பதிமூணு இந்தப் பக்கம், பதிமூணு அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் அப்படியே நிக்கும். தினமும். கொட்டகையில காத்தோட்டம் சரியில்லன்னு எழுதினேன். கூரையை ரெண்டு தடவை பிரிச்சு மாத்திக் கட்டினோம்.”

அழகுமீனா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செந்தட்டியின் குரல் இல்லை அது, அவளுடைய குரல்.

“அந்த மாட்டுக்காரங்கள்லாம் எங்கன இருக்காக டாக்டரம்மா? இருக்காகளா?”

நவமணி திரையில் புது வரைபடம் ஒன்றைத் திறந்தார். நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதிலிருந்து முப்பத்தோரு கோடு ஓட வேண்டும்; ஒன்றின் திசையைக்கூட அவர் இதுவரை குறித்து வைத்ததில்லை. அப்புறம் திரையை அணைத்தார். எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நடந்தார். லாரிக்காரரிடம் கையை மட்டும் அசைத்தார். சரிவுப் பலகையை மடக்கி ஏற்றிக்கொண்டு வெறும் லாரி திரும்பியது. நவமணி ஜீப்பின் கதவைத் திறந்தார், ஏறினார், கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குள் அவர் முகம் நேரே பாதையைப் பார்த்தது. ஜீப் கடலைக் கொல்லையைக் கடந்து, தகடுகளுக்கு நடுவே இருந்த குறுகிய வழியில் நுழைந்து, போய்விட்டது.